நியூசிலாந்து தென் தீவில் கார் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் தென் தீவைக் காரில் சுற்றிவரக் கிளம்பும் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கிறைஸ்ட்சர்ச்சில் கிளம்பி டெக்காப்போ, மவுண்ட் குக், குயின்ஸ்டவுன், டெ ஆனாவ், மில்ஃபோர்ட் சவுண்ட், வனாக்கா, மேற்குக் கரை, ஆர்தர்ஸ் பாஸ் என்று ஒரு வட்டம் அடித்து மறுபடி கிறைஸ்ட்சர்ச்சுக்கே வந்து சேரும் வழியை மனதில் வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: ஒரு நாளில் ஓட்டும் தூரத்தைக் குறையுங்கள். கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

வட தீவு, தென் தீவு இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாதா?

மூன்று வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மலை, ஏரி, பனிப்பாறை, ஆளில்லாத சாலை இவைதான் வேண்டும் என்றால் தென் தீவு. எரிமலை நிலம், வெந்நீர் ஊற்று, மாவோரி மக்களின் பண்பாடு வேண்டும் என்றால் வட தீவு.

இரண்டுக்கும் நடுவே குக் நீரிணை இருக்கிறது. தென் தீவின் பிக்டனிலிருந்து வெலிங்டனுக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல் சுமார் மூன்றரை மணி நேரம் எடுக்கும். அதோடு துறைமுகத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் பாதி நாள் போய்விடும்.

வெலிங்டன் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். அங்குள்ள டெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழ் எழுத்து பொறித்த ஒரு வெண்கல மணி இருக்கிறது. வட தீவில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்ததை 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி பார்த்து வாங்கினார். முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கப்பல் அங்கே எப்படிப் போனது என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. மணி காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டியே அருங்காட்சியகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

தென் தீவுக்கு எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

மேலே சொன்ன வட்டத்துக்குப் பத்து நாள் என்பது நெருக்கடி, இரண்டு வாரம் என்பது நிம்மதி. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் வட்டத்தையே விட்டுவிடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ, மவுண்ட் குக், வனாக்கா வழியாகக் குயின்ஸ்டவுன் போய் அங்கேயே காரை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். அதுவே நிறைவான பயணம்.

வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரியும். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏறத்தாழ 225 கிலோமீட்டர், போனில் உள்ள வரைபடம் மூன்று மணி நேரத்துக்குள் என்று சொல்லும். அந்தக் கணக்கு, நிற்காமல் ஓட்டுகிறவருக்கானது. நீங்கள் நிற்பீர்கள். ஜெரால்டினில் காபிக்கு நிற்பீர்கள். பர்க்ஸ் பாஸ் தாண்டியதும் மரமில்லாத பழுப்பு வெளியும் அதற்குப் பின்னால் வரிசையாகப் பனிமலைகளும் திடீரென்று விரியும், அங்கேயும் நிற்பீர்கள். மறுநாள் புகாக்கி ஏரிக் கரையில் கட்டாயம் நிற்பீர்கள். பனிப்பாறை அரைத்துத் தள்ளிய கல்மாவு தண்ணீரில் மிதந்து வெயிலைச் சிதறடிப்பதால் அந்த ஏரி வெளிர்நீலமாக இருக்கும். படத்தில் பார்த்துவிட்டு, நிறத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று நினைத்தவர்கள்கூட நேரில் பார்த்ததும் பேசாமல் நின்றுவிடுவார்கள்.

ஆகவே கணக்கு இப்படிப் போடுங்கள். வரைபடம் காட்டும் நேரம் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதோடு பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஓட்டும் நாளுக்கு ஒரு ஓட்டாத நாள் வேண்டும். முடிந்த இடத்தில் எல்லாம் இரண்டு இரவு தங்குங்கள். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி, ஊர் மாற்றி, இரவில் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தால் நான்காம் நாளே வீட்டில் சண்டை வரும். சண்டை வராவிட்டாலும் ஓட்டுகிறவர் களைத்துப்போவார். அந்தச் சாலைகளில் களைப்புதான் பெரிய ஆபத்து.

விமானத்தில் வந்து இறங்கிய அன்று நீண்ட தூரம் ஓட்டவே வேண்டாம். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் பயணமே ஒரு நாளை விழுங்கிவிடும். கடிகாரமும் கோடையில் ஏழரை மணி நேரம், குளிர்காலத்தில் ஆறரை மணி நேரம் முன்னால் ஓடும். முதல் இரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்கித் தூங்குங்கள். மறுநாள் காலையில் போய்க் காரை எடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

பருவம் நமக்கு நேர்த் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. பகல் நீளமாக இருக்கும், இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கூட்டமும் வாடகையும் அப்போதுதான் அதிகம். என்னைக் கேட்டால் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான் மிக நல்ல காலம். வனாக்கா, ஆரோடவுன் பக்கம் மரங்கள் எல்லாம் மஞ்சளும் செம்பும் ஆகிவிடும், காற்று சற்று அடங்கும், அறைகளும் எளிதாகக் கிடைக்கும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை ஏப்ரல் பாதியில் தொடங்குவதும் வசதி.

டெக்காப்போ ஏரிக்கரையில் ஊதா நிற லூபின் பூக்கள் வேண்டும் என்றால் நவம்பர் கடைசி, டிசம்பர். அவை வெளியிலிருந்து வந்து பரவிய களை. ஆற்றுப் படுகையில் முட்டையிடும் பறவைகளுக்கு இடைஞ்சல் என்று அதைப் பிடுங்குகிறவர்களும் அங்கே உண்டு. விதையை எடுத்து எங்கும் போடாதீர்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பனி. பனியில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் பயணத்துக்கு இந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

விசா வேண்டுமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கட்டாயம் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். விமான டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, போதிய நாள் வைத்து விண்ணப்பியுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் விசா தேவையில்லை, மின்னணுப் பயண அனுமதி போதும். சிட்னி, மெல்பர்ன் வழியாகப் போகும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஆஸ்திரேலியாவின் இடைவழி விசாவும் தேவைப்படும். சிலர் விமான நிலையத்தில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் இந்தத் தலைவலி இல்லை.

எல்லோரும் நிரப்ப வேண்டிய பயணி அறிவிப்புப் படிவம் ஒன்று உண்டு. அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதையும் நம்பாதீர்கள்.

நம் ஊர் ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

செல்லும். தமிழ்நாட்டு உரிம அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலாவாகப் போகிறவர்கள் அதை வைத்தே ஓட்டலாம். ஆங்கிலத்தில் இல்லாத உரிமத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். வாடகை நிறுவனம் கேட்டால் காட்டலாம் என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்த அனுமதியை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஓட்டும்போது அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். போனில் உள்ள படம் போதாது. பழகுநர் உரிமத்தை வைத்து வாடகைக் கார் எடுக்க முடியாது.

அங்கேயும் இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள், நமக்கு எளிதுதானே?

வண்டியும் சாலையும் நமக்குப் பழகிய பக்கம்தான். அந்த வகையில் ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ விட எளிது. ஆனால் அந்த நிம்மதியிலேயே மற்ற வித்தியாசங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

முதலாவது வேகம். ஊருக்கு வெளியே பெரும்பாலான சாலைகளில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், ஊருக்குள் 50. நடுவில் தடுப்பு கிடையாது. பக்கத்துக்கு ஒரு தடம்தான், எதிரே வருகிறவரும் அதே வேகத்தில் வருவார். 100 என்பது உச்சவரம்பு, அந்த வேகத்தில் போயே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை. வளைவுக்கு முன்னால் மஞ்சள் பலகையில் 35, 45 என்று போட்டிருந்தால் அந்த வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். அந்த எண்ணைச் சும்மா போடவில்லை.

அடுத்தது ஒற்றைத் தடப் பாலம். தென் தீவில் நீங்கள் கட்டாயம் பல தடவை கடக்க வேண்டிய ஒன்று இது. நெடுஞ்சாலையே ஒரு பாலத்துக்கு முன்னால் குறுகி ஒரு வண்டி அகலத்துக்கு வந்துவிடும். யார் முதலில் போவது என்பதைப் பலகை சொல்லும். சிவப்பு வளையம் போட்ட வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டும், எதிரே வருகிறவருக்கு வழி. நீலச் சதுரப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு பெரியதாக வெள்ளையில் இருந்தால் உங்களுக்கு வழி. வழி உங்களுடையது என்றாலும் வேகத்தைக் குறைத்து, எதிர்ப்பக்கத்து வண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டே ஏறுங்கள். நின்று வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவது அங்கே வழக்கம். இரண்டாம் நாளே உங்களுக்கும் கை தானாக எழும்.

'ஸ்டாப்' என்று எழுதியிருந்தால் ஆளே இல்லாத சாலை என்றாலும் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். உருட்டிக்கொண்டே போனால் அபராதம். ரவுண்டானாவில் வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழி. நடுக்கோடு உங்கள் பக்கம் மஞ்சளாக இருந்தால் முந்தக் கூடாது. ஹாரனைத் தொடாதீர்கள். அங்கே அது திட்டுவதற்குச் சமம்.

உங்கள் பின்னால் இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்துவிட்டால், இடது பக்கம் ஒதுங்க இடம் வந்ததும் ஒதுங்கி அவர்களை அனுப்பிவிடுங்கள். உள்ளூர்க்காரர் வேலைக்குப் போகிறார், நீங்கள் மலை பார்க்கிறீர்கள். சுற்றுலாக்காரர்கள் மேல் அங்குள்ளவர்களுக்குக் கோபம் வரும் இடமே இதுதான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். படம் எடுப்பதற்காகச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓரமாக நிறுத்தியிருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், ஆனால் வளைவுக்குப் பின்னால் லாரி 90 வேகத்தில் வந்துகொண்டிருக்கும். நல்ல காட்சி உள்ள இடத்துக்கு அருகிலேயே பெரும்பாலும் வண்டி ஒதுக்க இடம் விட்டிருப்பார்கள். அது வரும்வரை பொறுத்திருங்கள்.

கார் எடுப்பதா, கேம்பர்வேன் எடுப்பதா?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வேனை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரையில் தூங்கி எழும் ஆசை எல்லோருக்கும் வரும். இரண்டு பேர், வானிலையைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் மனம், சமைக்கப் பிடிக்கும் கை, இவை இருந்தால் வேன் எடுங்கள். நாலைந்து பேர் கொண்ட குடும்பம், கூடவே பெரியவர்கள் என்றால் கார் எடுத்து, சமையலறை உள்ள மோட்டல்களில் தங்குங்கள். மழை விடாமல் பெய்யும் ஒரு மேற்குக் கரை இரவில் நாலு பேர் ஒரு வேனுக்குள் இருப்பது எளிதல்ல.

வேன் எடுத்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எங்கு வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்க முடியாது. பொது இடத்தில் இலவசமாகத் தங்குவதற்கு வண்டிக்குத் தன்னிறைவுச் சான்றிதழ், அதாவது தண்ணீரையும் கழிவையும் வண்டியிலேயே வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கான சான்றிதழ், வேண்டும். 2023இல் சட்டத்தை இறுக்கிய பிறகு, நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம் இடங்கள் மலிவு, அழகும்கூட. இரண்டாவது, டீசல் வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கில் தனியாகச் சாலைவரி உண்டு. பெட்ரோலில் அந்த வரி விலையிலேயே அடங்கிவிடும், டீசலில் அடங்காது. வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தத் தொகையைக் கேட்பார்கள். பங்க்கில் டீசல் விலையைப் பார்த்து மலிவு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

வேன் உயரமானது, காற்றுக்கு ஆடும். கிறைஸ்ட்சர்ச்சைச் சுற்றியுள்ள கேன்டர்பரி சமவெளியில் வடமேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் ஓட்ட வேண்டாம்.

இன்சூரன்ஸ் முழுதாக எடுக்க வேண்டுமா?

எடுங்கள். சேதம் வந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை பூஜ்யம் ஆகும்படி எடுப்பது கூடுதல் செலவுதான், ஆனால் ஜல்லி தெறித்துக் கண்ணாடி விரிசல் விடுவது அங்கே சாதாரணம். ஒப்பந்தத்தில் எந்தச் சாலைகளுக்கு இன்சூரன்ஸ் கிடையாது என்ற பகுதியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குயின்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் பள்ளத்தாக்குச் சாலை வாடகைக் கார்களுக்குப் பொதுவாகவே தடை. காரை எடுக்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

குயின்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்ட் சவுண்டுக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

போகலாம், நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு வழி ஏறத்தாழ 290 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். போக நான்கு, மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் அந்தக் கடல் நீர்ப்பகுதியைப் படகில் சுற்ற இரண்டு, வர நான்கு. திரும்பும்போது இருட்டு, தூக்கம், மலைச்சாலை. ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் பஸ்ஸில் போங்கள், இல்லாவிட்டால் டெ ஆனாவ் ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து 118 கிலோமீட்டர்தான்.

அந்த 118 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். படகுப் பயணத்தைவிட அந்தச் சாலையே எனக்கு நெருக்கம். முதலில் எக்ளிங்டன் பள்ளத்தாக்கு, தட்டையான பொன்னிறப் புல்வெளி, இரு பக்கமும் சுவராக மலை. அப்புறம் பீச் மரக்காடு, மரத்தண்டெல்லாம் பாசி. காடு முடியும் இடத்தில் மரமே இல்லாத கருங்கல் கிண்ணம் ஒன்றுக்குள் சாலை போய் முட்டும். மேலே பனி, பாறை முகமெல்லாம் கோடு கோடாக நீர். இதற்கு மேல் வழியே இல்லை என்று தோன்றும்போது, அந்தப் பாறையின் அடியில் ஒரு சின்னக் கறுப்புத் துளை தெரியும். அதுதான் ஹோமர் சுரங்கம்.

1935இல் ஐந்து பேர் மண்வெட்டியும் கடப்பாரையுமாக அதைக் குடையத் தொடங்கினார்கள். பனிச்சரிவு ஆட்களைப் பலி வாங்கியது, நடுவில் போர் வந்தது, பொதுப் போக்குவரத்துக்குத் திறந்தது 1954இல். நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். உள்ளே பூசாத கரடுமுரடான பாறை, மேலிருந்து சொட்டும் தண்ணீர், மில்ஃபோர்ட் பக்கமாக நன்றாகத் தெரியும் இறக்கம். கூட்ட நேரத்தில் சிக்னல் வைத்து ஒரு பக்கமாக மட்டும் விடுவார்கள். அங்கே காத்திருக்கும்போது பச்சைநிறக் கிளி ஒன்று உங்கள் கார் மேல் வந்து உட்காரலாம். அதன் பெயர் கியா. வைப்பர் ரப்பரையும் கதவு ஓர ரப்பரையும் அலகால் கொத்தி இழுக்கும். தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள். மனிதர்களின் உணவுக்குப் பழகினால் அது சாலைக்கே வந்து நிற்கும், வண்டியில் அடிபட்டுச் சாகும். அழிவின் விளிம்பில் உள்ள பறவை அது.

மழை பெய்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். மில்ஃபோர்டில் ஆண்டுக்குச் சுமார் 6.8 மீட்டர் மழை பெய்கிறது, ஆகவே மழை பெய்யும் என்றே வைத்துக்கொண்டு போங்கள். மழையில்தான் அந்த இடம் முழுதாக வெளிப்படும். வெயில் நாளில் இரண்டு பெரிய நிலையான அருவிகள், போவனும் ஸ்டிர்லிங்கும். மழை நாளில் மலை முழுவதும் அருவி. பலத்த மழையென்றால் பனிச்சரிவு, மண்சரிவு அபாயத்துக்காகச் சாலையையே மூடிவிடுவார்கள் என்பதால் காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு இரவு தங்கச் சொல்வதும் அதனால்தான். ஒரு நாள் மூடினால் மறுநாள் இருக்கிறது.

டெ ஆனாவ்விலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். மணல் ஈ கடிக்கு மருந்து கட்டாயம்.

மேற்குக் கரையை விட்டுவிட்டால் நாள் மிச்சமாகுமே?

மிச்சமாகும், ஆனால் விட வேண்டாம் என்பேன். கிழக்குப் பக்கம் காய்ந்த பொன்னிறப் புல், மேற்குப் பக்கம் சொட்டும் பச்சைக் காடு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை நடுவில் நிற்கும் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தடுத்துவிடுவதால் மழை எல்லாம் மேற்கிலேயே இறங்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கடந்தவர்களுக்கு இந்த மாற்றம் பழக்கம்தான். இங்கே ஹாஸ்ட் கணவாயில் அதை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். கணவாயின் உயரம் 562 மீட்டர்தான், ஆனால் வனாக்காவின் காய்ந்த குன்றுகளில் காலையில் கிளம்பியவர் மதியம் மழைக்காட்டுக்குள் இருப்பார்.

அந்தக் கரையின் தெற்குப் பகுதியை நெடுஞ்சாலை முழுதாக இணைத்ததே 1965இல்தான். நைட்ஸ் பாயின்ட் என்ற இடத்தில் அதற்கான நினைவுக்கல் இருக்கிறது, கடலும் நன்றாகத் தெரியும். அதற்கு வடக்கே ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசஃப் என்று இரண்டு பனிப்பாறைகள். 2010களின் முற்பகுதி வரை பள்ளத்தாக்கு வழியாக நடந்துபோய் வழிகாட்டியோடு பனியில் ஏறினார்கள். இப்போது பனி வெகுதூரம் பின்வாங்கிவிட்டது, ஹெலிகாப்டரில் போய்த்தான் அதன் மேல் இறங்க முடியும். பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். அதற்குப் பதிலாக ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மாத்சன் ஏரிக்கு விடிகாலையில் போங்கள். காற்று எழுவதற்கு முன் கறுத்த தண்ணீரில் ஆவோராக்கி (மவுண்ட் குக்), டாஸ்மன் என்ற இரண்டு சிகரங்களும் தலைகீழாகத் தெரியும்.

ஆனால் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். வனாக்காவிலிருந்து ஃபாக்ஸ் சுமார் 260 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. அன்று வேறெதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மறுநாள் ஹோக்கிடிக்கா, அதற்கு வடக்கே புனகைக்கியில் அடுக்கு அடுக்கான சுண்ணாம்புப் பாறைகள். கடல் ஏற்றத்தின் போது போனால் பாறை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீறிட்டு மேலே வரும். அங்கிருந்து ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிறைஸ்ட்சர்ச்.

மவுண்ட் குக்கில் என்ன பார்ப்பது? மலையேற்றம் தெரியாதே?

தெரிய வேண்டாம். ஆவோராக்கி என்றும் மவுண்ட் குக் என்றும் சொல்லப்படும் அந்த 3,724 மீட்டர் சிகரம், எவரெஸ்ட்டுக்கு முன் எட்மண்ட் ஹிலாரி பயிற்சி எடுத்த மலை. 1948இல் அதன் தெற்கு முகட்டை முதன்முதலில் ஏறிய குழுவில் அவர் இருந்தார். கீழே பள்ளத்தாக்கில் சாதாரணக் காலணியோடு நடக்கும் பாதைகள் உண்டு. ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதைதான் பேர்போனது, அதில் பாலவேலை நடந்தால் ஒரு பகுதியை மூடுவார்கள் என்பதால் முன்கூட்டிப் பாருங்கள். டாஸ்மன் பனிப்பாறையைப் பார்க்கும் மேடை படிக்கட்டு ஏறினால் கிடைத்துவிடும்.

இரவு மேகமில்லாமல் இருந்தால் அறைக்குள் இருக்காதீர்கள். இந்த வட்டாரம் 2012இல் அறிவிக்கப்பட்ட இருள்வானக் காப்பகம். தெருவிளக்குகளைக்கூடக் கீழ்நோக்கி மூடி வைத்திருப்பார்கள். நம் ஊரில் தெற்கு வானில் தாழ்வாகத் தெரியும் அகத்திய நட்சத்திரம், மார்ச் ஏப்ரல் முன்னிரவுகளில் அங்கே கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். ஓரியன் விண்மீன் கூட்டம் தலைகீழாக இருக்கும். நம் ஊரில் அடிவானத்தை விட்டு அதிகம் எழாத இரண்டு மெகல்லன் மேகங்களும், அதாவது பால்வெளிக்கு அருகிலுள்ள இரண்டு சிறு விண்மீன் மண்டலங்களும், வெறும் கண்ணுக்கே தெரியும். அமாவாசையை ஒட்டி இந்த வட்டாரத்தில் தங்கும் இரவுகளை வைத்துக்கொள்ள முடிந்தால் மிக நல்லது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? பொடி, ஊறுகாய் எடுத்துப் போகலாமா?

கிறைஸ்ட்சர்ச், குயின்ஸ்டவுன் இரண்டிலும் இந்திய உணவகங்கள் தாராளம். சின்ன ஊர்களில் சைவம் என்றால் சீஸ் டோஸ்ட், உருளை வறுவல், அதுவும் எட்டரை மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள். எனவே சமையலறை உள்ள அறை எடுங்கள். கிறைஸ்ட்சர்ச்சிலேயே பாக்'ன்சேவ் போன்ற பெரிய கடையில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். இந்திய மளிகைக் கடைகளும் அங்கே உண்டு. காலையில் தயிர்சாதம் கிளறி டப்பாவில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் சாப்பிடுவதற்கு எந்த உணவகமும் ஈடில்லை.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் கவனம் வேண்டும். விமான நிலையச் சோதனை கடுமை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறி, விதை, தேன் எதுவும் வேண்டாம். பொடி, ஊறுகாய், முறுக்கு, நெய், இனிப்பு எதுவானாலும் அறிவிப்புப் படிவத்தில் உணவு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். சொல்லாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் அதே தொகைதான். மண் ஒட்டிய ஷூவையும் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள்.

அப்பா அம்மாவையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. வழி நெடுக சுத்தமான இலவசக் கழிப்பறைகள் இருப்பதே பெரியவர்களுக்குப் பெரிய நிம்மதி. அவர்களுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். மாத்திரைகளை மருந்துச்சீட்டோடு எடுத்துப் போங்கள். வளைவுச் சாலையில் வாந்தி வருமென்றால் முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஏழு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், மடியில் வைத்துக்கொள்ள முடியாது. கார் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள்.

பனிச் சங்கிலி தேவையா?

கோடையில் வேண்டாம். மே முதல் நவம்பர் வரை மில்ஃபோர்ட் சாலைக்குப் போவதென்றால் வண்டியில் இருக்க வேண்டும். மாட்டவும் தெரிந்திருக்க வேண்டும். நிறுவனத்திலேயே ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

போன் சிக்னல், பெட்ரோல் எல்லாம் எப்படி?

ஹாஸ்ட், மில்ஃபோர்ட் பக்கம் நீண்ட தூரத்துக்குச் சிக்னலே இருக்காது. வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அன்றைய தங்குமிடத்தின் முகவரியையும் கதவுக் குறியீட்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பாதி ஆனதும் அடுத்த ஊரில் நிரப்பிவிடுங்கள். ஹாஸ்டுக்கும் ஃபாக்ஸுக்கும் நடுவே மட்டும் 120 கிலோமீட்டர். நாமே நிரப்பும் பங்க்குகள்தான், பல இடங்களில் ஆளே இருக்கமாட்டார்கள், ரகசிய எண் உள்ள கார்டு வேண்டும்.

வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் 111. உயிருக்கு ஆபத்தில்லாத சாலைப் பிரச்சினை, அதாவது மரம் விழுந்து கிடக்கிறது, மாடு நிற்கிறது, ஒருவர் தாறுமாறாக ஓட்டுகிறார் என்றால் கைபேசியிலிருந்து *555. வண்டி நின்றுபோனால் வாடகை நிறுவனத்தின் உதவி எண், அது சாவிக்கொத்திலோ கண்ணாடி ஓரத்திலோ ஒட்டியிருக்கும். காரை எடுக்கும் அன்றே அதைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். விபத்து நடந்தால் நியூசிலாந்தின் பொது விபத்துக் காப்பீட்டுத் திட்டம் சுற்றுலாப் பயணிகளின் காயத்துக்கான சிகிச்சைச் செலவில் உதவும், சாதாரண நோய்க்கு உதவாது. முன்னே சொன்ன பயணக் காப்பீட்டைப் பெரியவர்களுக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள்.